பக்கற்றில் எழுதாத தூய்மை

மரக்கறி விதை விற்கும் நம்மவர்கள் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களோடு ஒரு கதை.

சில வருடங்களுக்கு முன் மாரஸ்ஸன பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்து ஒரு கூடைத் தக்காளியை மேசையில் கொட்டினார். "முதலாளி, இது நீங்கள் தந்த விதைதானா?" சில காய் உருண்டை, சில நீளம், சில சுண்டைக்காய் போல. பக்கற்றில் முளைதிறன் 85 வீதம், தூய்மை 98 வீதம் என்று இருந்தது. இறக்குமதிக்காரரோ பசளையில் பிழை, மழையில் பிழை என்றார். விதைக் காசை நான் திருப்பிக் கொடுத்தேன். போன போகத்தை யார் கொடுப்பது?

பிறகுதான் அந்த 98 வீதம் எதைப் பற்றியது என்று விசாரித்தேன். கல், பதர், வேறு பயிர் விதை கலக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். உள்ளே இருப்பது உண்மையான கலப்பினமா என்பதை அது சொல்லாது. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. கலப்பின விதைக்காகத் தாய்ப் பூவின் மகரந்தப் பைகளைக் கையால் பிடுங்கிவிட்டுத் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். வேலையாள் ஒரு பூவைத் தவறவிட்டால் அந்தக் காயின் விதையெல்லாம் தாய் இனமே. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வயலில் நட்டுக் காய்க்கும்வரை பார்ப்பதே பழைய வழி. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் போகும். அதற்குள் விதை விற்றுத் தீர்ந்துவிடும்.

மரபணு அடையாளப் பரிசோதனைக்கு நாற்றின் ஒரு துண்டு இலை போதும், சில நாட்களில் முடிவு வரும். உண்மையான கலப்பினத்தில் தாயின் கோடும் தந்தையின் கோடும் இரண்டும் தெரியும். தாய் இனமானால் ஒரு கோடுதான். 100 நாற்றில் 4 அப்படி இருந்தால் தூய்மை 96 வீதம். பெற்றோர் இனத்தைக் கம்பனிகள் இரகசியமாக வைத்திருக்கின்றன என்பார்கள். வைத்திருக்கட்டும், நல்ல கலப்பினத்தின் நாற்றுகள் எல்லாம் ஒரே மாதிரிக் கோடு காட்ட வேண்டும், மாறியவை தாமாகவே பிடிபடும்.

இந்தியாவில் கலப்பினப் பருத்தி விதைக்குச் சான்று பெறக் குறைந்தது 90 வீத மரபுத் தூய்மை வேண்டும். நமக்கும் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. விதை அத்தாட்சிக்காரர்கள் கன்னொருவையில், உயிரியல் தொழில்நுட்ப நிலையம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில். கண்டியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். மஹஇலுப்பள்ளமையில் உருவாக்கி 2015இல் வெளியிட்ட கலப்பின மிளகாயின் பெற்றோர் விவசாயத் திணைக்களத்தின் கையிலேயே உள்ளன. அதிலிருந்தே தொடங்கலாம்.

செலவைப் பற்றி முணுமுணுப்போம், எனக்குத் தெரியும். பரிசோதனை பக்கற்றுக்கு அல்ல, ஒரு தொகுதிக்கு. அதை ஆயிரக்கணக்கான பக்கற்றுகளில் பங்கு போட்டால் எவ்வளவு வரும்? பூட்டிய பக்கற்றை விவசாயி நம்மை நம்பித்தான் வாங்குகிறார், அது அமானிதம்.

பெரும்போகத்துக்கு ஓடர் கொடுக்கும்போது தொகுதி இலக்கத்தோடு மரபுத் தூய்மை அறிக்கையும் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "உங்களைத் தவிர யாரும் கேட்கவில்லையே ஹாஜியார்" என்றார். பத்துக் கடைக்காரர் கேட்டால் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டார்.