லெனின் சிகரத்தில் எஸ்டோனியாவின் கொடி

பால்டிக் கடலோரத்தில் உள்ள சின்னஞ்சிறு தேசம் எஸ்டோனியா. ஜனத்தொகை சுமார் 13 லட்சம். அங்குள்ள மிக உயர்ந்த குன்றின் உயரம் 318 மீட்டர், அதாவது ஆயிரத்துச் சொச்சம் அடி. அதன் பெயருக்கு 'பெரிய முட்டை மலை' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் வேடிக்கைப் பிரியர்களாக இருந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட சமவெளியிலிருந்து மலையேறும் வீரர்கள் எப்படித் தோன்றினார்கள்?

1940-இல் சோவியத் யூனியன் எஸ்டோனியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. சுதந்திரம் பறிபோயிற்று. நீலம், கறுப்பு, வெள்ளை நிறக் கொடிக்கும் தடை விழுந்தது. ஆனால் காகசஸ், பாமீர் மலைகள் எஸ்டோனியர்களுக்கு எட்டும் தூரத்தில் வந்தன. ஆல்ப்ஸுக்கோ இமயத்துக்கோ நினைத்தபடி போக முடியாது. சோவியத் மலையேறும் முகாம்களுக்குப் போகலாம். விசித்திரமான லாப நஷ்டக் கணக்கு இது!

அந்தக் கணக்கில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் யான் கியுன்னாப். 1948-இல் பிறந்தவர். மலையேறுபவர், விளையாட்டுப் பயிற்சியாளர், புகைப்படக்காரர். பனிமலையில் படம் எடுப்பது சுலபமான காரியம் அல்ல. கடுங்குளிரில் பிலிம் விறைத்து, சுற்றும்போதே ஒடிந்துவிடும். காமிராவைத் திருகக் கையுறையைக் கழற்றினால் விரலுக்கே ஆபத்து. கயிறும் உணவும் சுமக்கும் முதுகுக்குக் காமிரா ஒரு உபரிச் சுமை.

1989-இல் அவர் 7,134 மீட்டர் உயரமுள்ள லெனின் சிகரத்தின் உச்சியில் எஸ்டோனியக் கொடியுடன் நின்றார். 7,000 மீட்டருக்கு மேல் அந்தக் கொடி ஏறியது அதுவே முதல் தடவை என்பார்கள். 1934-இல் சோவியத் வீரர்கள் லெனினின் மார்பளவுச் சிலையைத் தூக்கிச் சென்று வைத்த சிகரம் அது!

இதைத் தலைக்கு மேல் கத்தி தொங்கிய சாகசமாக வர்ணிப்பது சரியாகாது. அந்த வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதியே தலைநகர் தாலினின் கோட்டைக் கோபுரத்தில் அந்தக் கொடி ஏறிவிட்டது. ஆகஸ்ட் 23-இல் தாலினிலிருந்து வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் லட்சக்கணக்கான ஜனங்கள் கைகோத்து நின்றார்கள். ஆயினும், சில வருஷங்களுக்கு முன் அதே கொடியை வீட்டில் வைத்திருந்தாலே விசாரணை வந்திருக்கும். மாஸ்கோவின் பிடி எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதை அந்த ஒரு படம் பக்கம் பக்கமான அரசியல் கட்டுரைகளைவிடத் தெளிவாகக் காட்டிற்று.

மறுவருஷம் ஜூலை 13-இல் அதே சிகரத்தின் சரிவில் ஒரு பூகம்பம் பனிப்பாறைகளை உருட்டிவிட்டு, முகாமில் இருந்த 43 பேரைப் பலிகொண்டது. எந்தக் கொடியோடு வந்தவர் என்று மலை பார்ப்பதில்லை.

1991 ஆகஸ்ட் 20-இல் எஸ்டோனியா மீண்டும் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. லாபம் இப்போது நஷ்டமாக மாறிற்று. பாமீர் வெளிநாடாகிவிட்டது. ஆனால் இமயத்துக்கு வழி திறந்தது. 2003-இல் ஆலர் சிக் எவரெஸ்டில் ஏறினார். அதை எட்டிய முதல் எஸ்டோனியர் அவரே. லெனின் சிகரத்துக்குத் தாஜிகிஸ்தான் 2006-இல் இபின் சீனா என்று பெயர் மாற்றியது. மலையேறுபவர்கள் பழைய பெயரை விட்டபாடில்லை.

கியுன்னாப் தம் படங்கள் பலவற்றை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியுடன் இணையத்தில் வெளியிட்டிருக்கிறார். கொடியுடன் நிற்கும் அந்தப் படத்தையும் அங்கே காணலாம்.