முட்டி தேய்ந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்

அன்புள்ள மாணவ மாணவியருக்கும் என் உறவுகளுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் முதன்முதலில் பாடம் எடுத்த பிள்ளைகளுக்கு இப்போது 45, 50 வயது. முன்பெல்லாம் போனில் வேலை, கல்யாணம், குழந்தை என்று பேசுவீர்கள். இப்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் முட்டிவலியில் வந்து நிற்கிறது. "எக்ஸ்ரே எடுத்தேன் டீச்சர், தேய்மானமாம். அதனால வாக்கிங்கை நிறுத்திட்டேன்" என்கிறீர்கள். அந்த "அதனால"தான் எனக்கு ஒப்பவில்லை.

தேய்மானம் என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்திவிடுகிறது. செருப்பும் சைக்கிள் டயரும் ஓட ஓடத் தேயும், எடுத்து வைத்தால் மிச்சம். முட்டியையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் முட்டிக்கு உயிர் இருக்கிறது. எலும்பின் நுனியில் உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, ஸ்பாஞ்ச் தண்ணீரை இழுப்பதுபோல அது சத்தை இழுத்துக்கொள்கிறது. நடையை நிறுத்தினால் இதுவும் குறையும், தொடைத் தசையும் இளைக்கும். தசை தாங்க வேண்டிய பாரம் மூட்டின் தலையில் விழும். வலி கூடும். வலிக்கிறதே என்று இன்னும் உட்காருவோம்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். படத்தில் தேய்மானம் அதிகம் தெரியும் சிலர் சிரமமில்லாமல் நடக்கிறார்கள், படம் சுமாராக இருப்பவர் துடிக்கிறார். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2022இல் இந்த நோய்க்கு வெளியிட்டதில் உடற்பயிற்சியைத்தான் எல்லோருக்கும் முதன்மையாகச் சொல்கிறது, எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பையும் சேர்த்து. நம்மில் பலர் மாதாமாதம் வாங்கும் குளுக்கோசமைன் மாத்திரை வேண்டாம் என்கிறது. எடை விஷயத்தில் இன்னொரு கணக்கு: உடம்பில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாக 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து சொன்னது.

என் முட்டிகளும் 33 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவைதான். இரண்டிலும் வலி உண்டு. தினமும் நான் செய்வது இவ்வளவுதான். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவேன். பிறகு படுத்துக்கொண்டு ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குவேன், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. சாயங்காலம் அரை மணி நேரம் நடை. நடக்கையில் கொஞ்சம் வலித்தால் பயப்படுவதில்லை. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. கூடியிருந்தால் அன்றைக்குக் குறைத்துக்கொள்வேன், நிறுத்த மாட்டேன்.

மாடிப்படிக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி வைத்துக்கொள்பவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

இனி, என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். முட்டிவலி வந்ததும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் எதை விடுகிறார்கள்? சமையலையா, துணி துவைப்பதையா? வாக்கிங்கை விடுகிறார்கள். கோயிலுக்குப் போவதை, கல்யாணத்துக்குப் போவதை, நாலு தெரு தள்ளி இருக்கும் தோழியைப் பார்ப்பதை விடுகிறார்கள். அடுப்படியில் மட்டும் அதே காலோடு நிற்கிறார்கள். "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பது, கொஞ்சம் கொஞ்சமாகத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி ஆகாது. அம்மாவிடம் "பேசாம உட்காரும்மா" என்று சொல்லும் பிள்ளைகளே, உங்களுக்கு அக்கறை இருக்கிறது, தெரியும். அந்த அக்கறையோடு ஒரு வேளைப் பாத்திரத்தை நீங்கள் துலக்குங்கள், நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவரோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.

டாக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முட்டி சிவந்து சூடாக வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டால் அன்றைக்கே போங்கள். முட்டி மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும், ராத்திரி வலி தூங்கவிடாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். மருந்துக்கடையில் நாமாக வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். அங்கேயும் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்கத்தான் வைப்பார்கள்.

நாளைக் காலையில் பல் தேய்த்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடியவில்லையா? அடியில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு தொடங்குங்கள். எத்தனை முறை முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். ரெண்டே ரெண்டு என்றாலும் எழுதுங்கள், மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்