காட்டுக்கு மாசம் எவ்வளவு தருவீங்க?

"காட்டைக் காப்பாத்த மாசா மாசம் எவ்வளவு தருவீங்க?"

சாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். "என்ன சார், வசூலா?" என்பார். நன்கொடை நோட்டோடு கடை கடையாக ஏறும் கோஷ்டிகளைப் பார்த்துப் பழகிய ஊர் ஆயிற்றே!

ஆனால் இதையே வேலையாகக் கேட்கும் பொருளாதார நிபுணர்கள் இருக்கிறார்கள். பம்பாயில் போரிவ்லி தேசியப் பூங்காவுக்காக வீடு வீடாகக் கேட்டார்கள். 1997-இல் கணக்கு வெளியானது. வீட்டுக்கு மாதம் ஏழரை ரூபாய், 5 வருடத்துக்கு! (ஏழரை என்றதும் சனியை நினைக்காதீர்கள்.) நகரம் முழுக்கப் பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 25 கோடி.

நமக்கும் ஒரு காடு இருக்கிறது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். ராஜபாளையம்காரர்கள் குடிப்பது அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர். சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணை. மதுரைக்கு வைகை. எல்லாம் அந்த மலையிலிருந்து இறங்குவதுதான்.

சிவகாசி கதை வேடிக்கையானது. பட்டாசு காயப் போட்ட களத்தில் மழை விழுந்தால் அன்றைய கூலி போச்சு. மழையே வேண்டாம் என்று கும்பிடும் தொழில். ஆனால் மலையில் பெய்யாவிட்டால் வீட்டில் குடம் நிரம்பாது!

இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? மருந்து செலுத்தும் தொழிலாளி "அஞ்சு ரூபா" என்பார். முதலாளி "ஐநூறு" என்பார். அப்படியென்றால் முதலாளிக்குக் காடு நூறு மடங்கு பெரிதா? தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? அளந்தது காட்டை அல்ல, சட்டைப் பையை.

இன்னொருத்தரை யாரும் கேட்பதே இல்லை. ராஜபாளையம், சேத்தூர் மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருப்பவர். யானை இறங்கினால் ஒரே ராத்திரியில் பல வருட உழைப்பு காலி. நமக்கெல்லாம் சேர்த்து அவர்தான் இப்போது காட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார், ரசீது இல்லாமல்!

அவரிடம் "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பது அநியாயம். "எவ்வளவு கொடுத்தா பொறுத்துக்குவீங்க?" என்றல்லவா கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு எப்போதும் பெரிய தொகைதான் பதிலாக வரும். அலாஸ்கா கடலில் 1989-இல் கப்பல் எண்ணெய் கொட்டியதே, அதன் பிறகு அமெரிக்க அரசு ஒரு நிபுணர் குழு போட்டது. நோபல் பரிசு பெற்ற இரண்டு பேர் தலைமை. கணக்கு அடக்கமாக இருக்கட்டும், முதல் கேள்வியையே கேளுங்கள் என்று 1993-இல் அந்தக் குழு சொல்லிவிட்டது. கணக்குக்கு அது சரி. தோப்புக்காரருக்குச் சரியா?

என் யோசனை இது. வீட்டுக் குழாய் இணைப்பு உள்ளவர்களிடம் மட்டும் குடிநீர்க் கட்டணத்தோடு மாதம் 10 ரூபாய் வாங்குங்கள். மதுரையையும் சேர்த்துத்தான்! தெருக்குழாயில் பிடிக்கிறவர்களை விட்டுவிடுங்கள். வந்த பணத்தில் முதல் பங்கு யானை மிதித்த தோப்புக்கு. அடுத்தது கோடையில் காட்டுத்தீ அணைக்கப் போகிறவர்களுக்கு. வரவு செலவை நகராட்சி வாசலில் போர்டில் எழுதிப் போடுங்கள்.

பத்து ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு டீ வருவதே கஷ்டம். நான் கட்டத் தயார். ரசீது மட்டும் கொடுத்துவிடுங்கள்.