ஸ்னாப்ஷாட் சாமி காப்பாத்தாது!

சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் பெரியது பத்தாம் நூற்றாண்டில், இராசசிம்ம பாண்டியன் காலத்தில் வெட்டியது. பாண்டியர்கள் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் அது பெருமையாகச் சொல்கிறது. சரி, அந்தத் தமிழ் பாரதம் எங்கே? கிடைக்கவில்லை. செம்பில் தங்கியது சேதி மட்டும்தான். சரக்கு போய்விட்டது.

இன்றைக்கும் நம்ம ஊர்க் கடைகளில் நடப்பது இதே கதைதான். அதே சின்னமனூரில் ஒரு வாழைக்காய் கமிஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். எக்ஸ்பியையோ 2014 ஏப்ரலிலேயே மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அதனால் புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் எக்ஸ்பியைக் குடிவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். பதினைந்து வருஷக் கொடுக்கல் வாங்கல் அதற்குள்ளே. “பேக்கப் இருக்கா தம்பி?” என்று முதலாளி கேட்டால், மாட்டிக் கொடுத்தவர் சொல்லும் பதில்: “ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கேண்ணே, ஒண்ணும் ஆகாது!”

இது பச்சைப் பொய். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் ஃபைல் அப்படியே நின்றுவிடும். அதன் பிறகு செய்கிற மாற்றங்கள் மட்டும் தனி ஃபைலில் ஏறும். மூலம் போனால் அந்த மாற்றக் குறிப்பை வைத்து நாக்கு வழிக்கலாம். அது போக, இரண்டும் இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க் மண்டையைப் போட்டால் இரண்டுக்கும் ஒரே நாளில் பால்தான். தப்பான சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு ஒரு படி பின்னால் வருவதற்குத்தான் ஸ்னாப்ஷாட். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

பேக்கப் என்பது இதுதான். உள்ளே இருக்கும் எக்ஸ்பியை முழுசாக ஷட் டவுன் செய்யுங்கள். பிறகு அந்த மெஷினின் ஃபோல்டரை மொத்தமாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி பண்ணுங்கள். அல்லது எக்ஸ்போர்ட் செய்து ஒரே ஓவிஏ ஃபைலாக எடுங்கள். முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிய வான்னாக்ரை வைரஸ், செருகியிருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துத்தான் பூட்டியது. இன்னொரு காப்பி கடையில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.

இதோடும் வேலை முடியவில்லை. கிட்லேப் என்ற பெரிய கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு என்ஜினீயர் கை தவறி டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஆபத்துக்கு ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. ஆறு மணி நேரம் முன்னால் யதேச்சையாக எடுத்த ஒரு நகல் வேறு சர்வரில் கிடந்ததால் பிழைத்தார்கள். காரணம் என்ன? திருப்பி எடுக்க வருமா என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை.

“அதுக்கெல்லாம் எங்க சார் நேரம்?” என்பீர்கள். கல்யாண வீடியோவுக்கு மூன்று காப்பி போடுகிறோம், வயிற்றுப்பிழைப்புக்கு ஒரு காப்பி போட நேரமில்லையா?

முதலாளிமார்களே, அடுத்த முறை சர்வீஸ் தம்பி பில்லை நீட்டும்போது, ஒரு லேப்டாப்பை எடுத்து முன்னால் வையுங்கள். “பேக்கப்பை இதுல ஏத்தி, போன மாசக் கணக்கைத் திறந்து காட்டுப்பா” என்று சொல்லுங்கள். காட்டினால் காசு கொடுங்கள்.