டகோமா பாலத்தை விட்டுடுங்க சார்!

ஒத்ததிர்வு பாடம் எங்கே நடந்தாலும் அந்தப் பழைய வீடியோ வந்துவிடும். 1940 நவம்பர் 7. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், திறந்து நாலே மாசமான டகோமா நேரோஸ் பாலம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் காற்றில் ரிப்பன் மாதிரி முறுக்கி விழும். "காற்றின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒண்ணாச்சு, முடிஞ்சுது கதை!" என்பார்கள்.

நான் காமர்ஸ்காரன். எனக்கே கணக்கு இடிக்குதே!

ஒத்ததிர்வுக்கு வெளியிலிருந்து யாராவது சரியான தாளத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சீராக அடித்த காற்றில் தாளம் ஏது? "பாலத்தைத் தாண்டும்போது காற்றில் சுழல்கள் உருவாகுமே, அதுதான் தாளம்" என்று ஒரு சமாளிப்பு உண்டு. சரி, அந்த வேகத்தில் சுழல்கள் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று. பாலம் முறுக்கியதோ ஐந்து நொடிக்கு ஒருமுறை. டேலி ஆகலையே! இதை பில்லாவும் ஸ்கேன்லனும் 1991லேயே 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள்.

நடந்தது வேறு. பாலம் லேசாக முறுக்கியதும் காற்று அதன்மேல் படும் விதம் மாறியது. அந்த மாற்றமே இன்னும் முறுக்கியது. கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதைதான், தன் ஆட்டமே தன்னை வளர்த்தது. இதற்குப் பெயர் ஃப்ளட்டர்.

"பேர்ல என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். நோய் மாறினால் மருந்தும் மாறும். ஒத்ததிர்வு என்றால் அதிர்வெண்ணை மாற்றித் தப்பிக்கலாம். ஃப்ளட்டர் என்றால் தளத்தின் வடிவத்தையே பார்க்க வேண்டும். 1950ல் திறந்த புதுப் பாலத்தில் காற்றை மறித்த தகட்டுச் சுவர் இல்லை. காற்று புகுந்து போகிற கம்பிச் சட்டங்கள், தளத்திலும் இடைவெளிகள்.

நிஜமான உதாரணமா இல்லை? காற்றுச் சுரங்கத்தில் இணைத் தகடுகளை வைத்து பார்க்கர் 1966ல் வெளியிட்ட சோதனையைக் காட்டுங்கள். தகடுகளைச் சுற்றி ஒரு ஒலி அலை உண்டு. அதன் அதிர்வெண் குறைவு என்பதால் குழாய் வழியே தப்பி ஓட முடியாது, அங்கேயே சிக்கிக்கொள்ளும். சுழல்களின் தாளம் அதோடு சேர்ந்தால் காதைப் பிளக்கும் சத்தம். கடலில் வரிசையாக நிற்கும் தூண்களுக்கு நடுவிலும் அலை இப்படிச் சிக்கும். அப்போது ஒரு தூண் வாங்கும் அடி, அது தனியாக நின்றால் வாங்குவதைவிடப் பல மடங்கு என்று மணியாரும் நியூமனும் 1997ல் கணக்கிட்டார்கள்.

ஆற்றல் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. ஒத்ததிர்வை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனால் இதில் பாலம் விழாது, வீடியோ கிடையாது. அதனால் யாரும் காட்டமாட்டார்கள். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தப்பான பாடமா நடத்துவது?