அழித்த கோடுகளின் மதிப்பு

சிலமலையிலிருந்து காணும் ஏலமலைச் சரிவுக்குக் காலையில் ஒரு நிறம். மாலையில் வேறொரு நிறம். அதனை ஓராண்டு முழுவதும் வரைந்து பழகும் மாணவியின் திறனைச் சில மணி நேரத்தில் தீட்டிய ஒற்றைத் தாள் எவ்வாறு அளக்கும்?

தமிழ்நாட்டின் அரசு தொழில்நுட்ப ஓவியத் தேர்வு அன்றைய தாளையே நோக்குகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலை ஓவியப் பாடத்தில் செய்முறைக்குரிய 70 மதிப்பெண்களுள் 20, ஆண்டு முழுவதும் வரைந்தவற்றின் தொகுப்புக்குரியது. அமெரிக்காவின் மேம்பட்ட நிலை ஓவியப் பாடமோ தேர்வறையையே நீக்கிவிட்டது. ஒரே வினாவைப் பின்தொடர்ந்த உழைப்பைக் காட்டும் 15 படங்கள், தேர்ந்தெடுத்த 5 படைப்புகள் ஆகியவற்றை அது கேட்கிறது. முன்னதற்கே 60 விழுக்காடு. அங்கே அழித்துத் திருத்திய கோடும் மதிப்புப் பெறுகிறது.

தொகுப்பைப் பிறர் வரைந்து தரலாம் என்பர். அதனினும் கனமான அச்சம் வேறொன்று உண்டு: தோட்டக் கூலியில் வாழும் வீட்டிற்கு வண்ணப்பெட்டி எளிதன்று. ஆகவே, பென்சிலால் நிறைந்த குறிப்பேடே தொகுப்பாக ஏற்கப்பட வேண்டும். அதனைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் தேர்வாளரிடம் பேசட்டும். மழைக்கு முன்னும் பின்னும் அதே சரிவை ஏன் வேறாக வரைந்தார் என்பதை வரைந்தவரே விளக்க இயலும்.