திருமுதுகுன்றத்திலிருந்து சிட்னிக்கு

விருத்தாசலத்திலிருந்து சிட்னி நகருக்குப் போக வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும், விஸா வேண்டும், அதிகாரிகள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பணிவாகப் பதில் சொல்லவும் வேண்டும். இவை எதுவுமின்றிப் போய்ச் சேர்ந்தவர் ஒருவர் உண்டு. நமது பழமலைநாதர் ஆலயத்துச் சுவர் மாடத்தில் எழுந்தருளியிருந்த அர்த்தநாரீசுவரரே அவர்.

அந்நகரத்தைக் காணும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தபோது, கடலோரத்துத் தாவரத் தோட்டத்தை அடுத்துள்ள நியூ ஸவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போனேன். 1871-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. முகப்பில் மைக்கலாஞ்ஜலோ முதலிய ஐரோப்பிய மகா கலைஞர்களின் நாமங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பள்ளிச் சிறுவர்கள் தரையில் உட்கார்ந்து, எதிரிலிருக்கும் சிற்பத்தைப் பார்த்துச் சித்திரம் வரைகிறார்கள். கூச்சலில்லை, நெரிசலில்லை. நம்மூரில் எத்தனை பேருக்கு, செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய கோயிலில்தான் தாம் விளக்கேற்றுகிறோம் என்று தெரியும்? பொறாமைப்பட்டேன் என்பதை மறைப்பானேன்!

நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசம். ஆனால் அந்த ‘எல்லோரும்’ யார்? பீங்கான் சூளையில் வெந்து உழைக்கும் விருத்தாசலத்துத் தொழிலாளி அந்த வாசற்படியை மிதிக்க எத்தனை மாதக் கூலியைச் சேர்க்க வேண்டும்? அவனுடைய பாட்டனும் பூட்டனும் கும்பிட்ட மூர்த்தம் பத்து வருஷ காலம் அந்தக் கட்டிடத்துக்குச் சொந்தமாயிருந்தது. சிட்னிச் சிறுவனுக்கு அது இலவசம். இவனுக்கோ அது எட்டாத் தொலைவு.

நடந்த விருத்தாந்தம் இது. நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற வியாபாரியிடம் 2004-ம் வருஷத்தில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அக்கலைக்கூடம் அர்த்தநாரீசுவரரை வாங்கிற்று. நெடுங்காலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் காகிதங்கள் கூட வந்தன. அவற்றைக் கண்டு வாங்கியவர்கள் திருப்தியடைந்தார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னாளில் எடுத்து வைத்த புகைப்படங்களோ சிலை கோயிலிலேயே இருந்ததைக் காட்டின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லிக்கு வந்து, கான்பெராவுக்குப் போயிருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து அதைத் திருப்பிக் கொடுத்தார். நமது கோயிலின் பிரத்தியங்கிரா தேவியும் கான்பெராவுக்கு விற்கப்பட்டு, 2016-ல்தான் மீட்கப்பட்டாள். வேறொரு கோயிற் களவு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து வருஷ தண்டனை விதித்தது.

திருப்பிக் கொடுத்ததை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவன் ஒரு ரசீதைப் பார்த்தாலே போதும். பறிகொடுத்தவனோ படமும் ஆதாரமும் கொண்டுபோய், ‘இது என் சாமி’ என்று நிரூபிக்க வேண்டும். செல்வ நகரங்களின் உண்மையான சலுகை இதுதான். மாளிகைகளையும் மோட்டார்களையும்விட இதுவே பெரிது. ஒரு பொருள் எங்கிருந்து, எப்படி, யார் வயிறெரிய வந்தது என்று கேளாமலே ரஸிக்கலாம். தம் கட்டிடம் நிற்கும் பூமி காடிகல் என்ற பூர்வகுடிகளுடையது என்று கலைக்கூடத்தார் இன்று மரியாதையாக ஒப்புக்கொள்கிறார்கள். 1788-ல் அங்கே இறங்கிய வெள்ளையர் அந்த மரியாதையைக் காட்டவில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? கற்சிலையை ஆகாசத்திலிருந்து வந்து எவனும் தூக்கிப் போகவில்லை. தினந்தோறும் பிரகாரம் சுற்றியவர்கள் நாம். நாமா முதலில் குரல் எழுப்பினோம்? சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த விஜயகுமார் முதலிய சிலை ஆர்வலர்களல்லவா படங்களை ஒப்பிட்டு உண்மையை வெளியிட்டார்கள்? சுந்தரர் நம் மணிமுத்தாற்றில் பன்னீராயிரம் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஐதிகம். அவரிடம் மச்சம் வெட்டி வைத்த பொன் இருந்தது. மாற்று உரைத்துப் பார்த்து, குறைவு கண்டதும் சண்டைக்கு நின்றார். நம்மிடம் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பிரெஞ்சு நிலையத்தின் புகைப்படம்!

மீண்டு வந்த மூர்த்தங்களில் பல இன்று காப்பகங்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை அவரவர் ஸ்தலத்தில் பந்தோபஸ்துடன் வைப்பது ஸர்க்காரின் கடமை. ஆனால் வெளிச்சுவரிலுள்ள ஒவ்வொரு கோஷ்டத்தையும் படம் பிடித்து, அளவெடுத்து, தேதியிட்டு ஊர்ப் பொதுவில் ஒரு பதிவேடு வைக்க நாம் ஏன் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்? கோயில் அதிகாரியின் அனுமதியும், கையில் காமிராவுள்ள நான்கு வாலிபர்களும் போதும். அடுத்த பிரதோஷத்தன்று பழமலைநாதர் பிரகாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.